முப்பது நாள் வராத பெயர்

"பொய்! வாயைத் தொறந்தா பொய்! மூணாம் தேதி அபாய மணியை அமுக்கிப் பார்த்தானாம்ல!"

"ஐயா, சத்தியமா அமுக்கிப் பார்த்தேன். ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு, பாருங்க."

"உன் கையெழுத்தை வெச்சு நான் என்ன பண்ண? ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம்யா! அந்தப் பொட்டிக்குள்ள நின்னு அமுக்கி அமுக்கி விரலே வீங்கிப் போச்சு. ஏன்னு கேக்க ஒரு ஈ காக்கா இல்ல!" என்று கத்தினார் ஆறாம் மாடித் தாத்தா.

"நின்னது அவர் மட்டும் இல்ல. நானும்தான் நின்னேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கூட்டம் சட்டென்று திரும்பிப் பார்த்தது. அது நாலாம் மாடி டெய்லரம்மாவின் குரல். ஆறாம் மாடித் தாத்தாவும் அவரும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஒரு பேண்ட்டின் காலைக் கொஞ்சம் குறைக்கக் கொடுத்து, அது அரைச்சாண் அதிகமாகவே குறைந்து வந்ததில் தொடங்கிய பகை. அன்றிலிருந்து ஒரே லிஃப்ட்டில் ஏறினாலும் ஒருவர் மாடி எண்ணையும் இன்னொருவர் காற்றாடியையும் பார்த்துக்கொண்டுதான் போவார்கள். அப்படிப்பட்ட இரண்டு பேரைத் தேடிப்பிடித்து, அன்று பிற்பகல், மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது லிஃப்ட்.

இப்போது தரைத்தளத்தில், தபால் பெட்டி வரிசைக்கு முன்னால், குடியிருப்பில் பாதி நின்றது. மீதிப் பாதி மாடிப்படி வளைவுகளில் எட்டிப் பார்த்தது. நடுவில் எண்ணெய்த் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு லிஃப்ட் மெக்கானிக். காவலாளி ஒருவழியாகத் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுப் போன் செய்ததும், இரண்டு தெரு தள்ளியிருந்து ஓடிவந்து, கையாலேயே சக்கரத்தைச் சுற்றி இருவரையும் வெளியே எடுத்தவர் அவர்தான். அந்த உபகாரத்துக்கான மரியாதை நடந்துகொண்டிருந்தது.

"கேட்டுக்கப்பா. உன் பேர்ல ஏற்கெனவே ஒரு புகார் இருக்கு, போன வருஷக் கதவு விஷயம்" என்றார் குடியிருப்புச் செகரெட்டரி. புகார் எழுதும் வாய்ப்பு வந்தால் அவர் முகத்தில் ஒரு தேஜஸ் வரும். "இது ரெண்டாவது. திங்கக்கிழமை கம்பெனிக்குப் போயிடும்."

"சார், ரெண்டாவது புகார் போச்சுன்னா என்னைத் தூக்கிருவாங்க சார். பதினோரு வருஷம் சார். அமுக்கிப் பார்த்தேன், மணி போச்சு. இன்னிக்கு ஏன் போகலன்னு எனக்குத் தெரியல சார்."

"தெரியலன்னா நீ எதுக்கு?"

இந்த இடத்தில்தான் தாத்தாவின் மகள் ஆபீஸிலிருந்து வந்து சேர்ந்தாள். தோளில் பை, கையில் குடை, முகத்தில் ஒன்பது மாத ஆபீஸ் சண்டையின் அசதி. அப்பாவை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். உடம்பில் சேதாரம் இல்லை, வாய் நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டாள். பிறகு எல்லாரையும் விட்டுவிட்டு டெய்லரம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அமுக்கினப்ப பட்டன்ல லைட் எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. செவப்பு லைட்டு. ஒவ்வொரு தடவையும் எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சுது."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி ஆறு மாடியையும் படியேறிப் போனாள். அப்பா மேல் அவ்வளவு கோபமா, மெக்கானிக் மேல் கோபமா என்று கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது. இரண்டு கட்சியும் தோற்றது. அவளுக்குக் கோபமே இல்லை. பட்டனில் விளக்கு எரிந்தால் லிஃப்ட்டின் தலைமேல் இருக்கும் மின்பெட்டி செய்தி அனுப்பிவிட்டது என்று அர்த்தம். அனுப்பிய செய்தி போய்ச் சேராமல் போனதற்குக் காரணம் மெக்கானிக்காக இருக்க முடியாது. யாராக இருக்கும் என்பது மூன்றாம் மாடி தாண்டும்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. மீதி மூன்று மாடியும் கால் வலியோடு அதையும் சுமந்துகொண்டு ஏறினாள்.

அவளுக்கு அகராதி என்று பெயர் வைத்தது அவளுடைய ஆபீஸ். குடியிருப்புக்கு அது வந்து சேர்ந்த வழி சுலபம். ஒரு நாள் அவளைக் காரில் இறக்கிவிட்ட சக ஊழியர் வாசலில் நின்று, "அகராதி மேடம், குடையை மறந்துட்டீங்க!" என்று கத்தினார். இரண்டாம் மாடி ஜன்னல் அதைப் பிடித்துக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் எட்டு மாடிக்கும் தெரிந்துவிட்டது. வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்குக் குடியிருப்பில் ஐந்து காரணங்கள் புழக்கத்தில் இருந்தன, ஐந்தும் தவறு.

அவள் வேலை என்ன என்று கேட்டால், "பேர் வைக்கிற வேலை" என்பார் அப்பா. கேட்டவர்கள் குழந்தைகளுக்கா என்று கேட்பார்கள். குழந்தைகளுக்கு இல்லை. லிஃப்ட்டுகளுக்கு.

ஒவ்வொரு லிஃப்ட்டின் தலைமாட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது. லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது, கதவு திறந்திருக்கிறதா, மோட்டார் எவ்வளவு சூடு, உள்ளே யாராவது அபாய மணியை அழுத்தினார்களா என்று அது விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். மறுமுனையில் லிஃப்ட் கம்பெனியின் அழைப்பு மையம். அபாய மணிச் செய்தி வந்தால் அங்கே திரை அலறும். ஒரு பெண் ஒலிபெருக்கி வழியாக லிஃப்ட்டுக்குள் இருப்பவரிடம் பேசுவாள், பக்கத்திலிருக்கும் மெக்கானிக்கை அனுப்புவாள். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மென்பொருளைச் செய்வதுதான் அகராதியின் ஆபீஸ்.

நடுவில் நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை. பெட்டி ஒரு பெயரில் சொன்னதைத் திரையும் அதே பெயரில் எதிர்பார்க்க வேண்டும். அதற்காக ஒரு பட்டியல் உண்டு. இடைமுக வரையறை என்று அதற்குக் கனமான பெயர். விஷயம் என்னவோ இரண்டு இயந்திரங்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்ட உடன்படிக்கைதான். ஆயிரத்து நூற்று நாற்பது பெயர்கள். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதானாலும் பழையதை எடுப்பதானாலும் அகராதியின் சுருக்கொப்பம் வேண்டும். அதோடு நாற்பத்தொரு பக்கத்தில் அவளே எழுதிய விதிப் புத்தகம் வேறு. அதில் பதினாலாம் விதி அவளுக்கு ரொம்பப் பிடித்தது: தெரியாத பெயரில் எது வந்தாலும் சண்டை போடாதே, சத்தம் போடாதே, ஓரமாகத் தள்ளிவிட்டு உன் வேலையைப் பார். அந்த விதியால்தான் ஒரு புதுப் பெட்டி எதையாவது கூடுதலாக உளறினாலும் மொத்த அமைப்பும் படுத்துவிடாமல் ஒன்பது வருஷம் ஓடியது.

ஒன்பதாம் வருஷம் இஸ்திரி வந்தான்.

புது மேலாளர். அவளைவிட எட்டு வயது இளையவன். சட்டைக் கையில் இருக்கும் மடிப்பில் காய்கறி நறுக்கலாம். சட்டையைப் போலவே பட்டியலும் சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும் என்பது அவன் கொள்கை. அதில் தப்பு சொல்ல முடியாது. பட்டியலும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. பாதிப் பெயர்களில் சொல்லுக்குச் சொல் நடுவே அடிக்கோடு. மீதிப் பாதியில் கோடு இல்லாமல் ஒட்டி, அடுத்த சொல்லின் தலையில் பெரிய எழுத்து. ஒரு இடத்தில் கதவு ஒருமை, இன்னொரு இடத்தில் பன்மை. ஒரே மோட்டாருக்கு மூன்று பெயர். முதல் நாள் வேலை பார்த்த ஆரம்பகால எஞ்சினியர் எந்தக் கம்பியை எந்த முளையில் செருகினாரோ அதையே பெயராக வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அடிக்கோடா, பெரிய எழுத்தா என்று ஆபீஸ் இரண்டாகப் பிளந்தது. பன்னிரண்டு வருஷமாக ஒன்றாகச் சாப்பிட்ட இரண்டு பேர் அதற்காக வேறு வேறு மேஜைக்குப் போனார்கள். வாரத்துக்கு நான்கு கூட்டம். எல்லாக் கூட்டத்திலும் கடைசி வார்த்தை அகராதியுடையது என்பதால், முதல் திட்டும் அவளுக்கு. "ஒரு கோட்டுக்கு இவ்வளவு அகராதி ஆகாது மேடம்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னான் ஒருவன். அவள் அதையும் குறித்துக்கொண்டாள், குறித்துக்கொள்வது பழகிப்போயிருந்தது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எந்தப் பேரை வேணா மாத்துங்க. ஆனா பழைய பேரையும் பக்கத்துல வெச்சிருங்க. பழைய லிஃப்ட்டுங்க முப்பத்தெட்டு இருக்கு. அந்தப் பெட்டிய நாம தொடக்கூட முடியாது. அதுங்களுக்குத் தெரிஞ்சது பழைய பேர் மட்டும்தான்."

"ஒரு பொருளுக்கு ஒரு பேர்தான் மேடம். ரெண்டு பேர் வெச்சிருக்கறவன் போலீஸ் ஸ்டேஷன்லதான் இருப்பான்."

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "எங்கப்பா முப்பத்தாறு வருஷம் தபால் பிரிச்சவர். தெருப் பேர் மாறினப்புறமும் பழைய பேர்ல கடிதம் வரும். அதைத் தூக்கியா எறிஞ்சாங்க? பென்சில்ல புதுப் பேரைக் குறிச்சு அனுப்புவாங்க."

"இது தபால் ஆபீஸ் இல்ல மேடம்" என்றான் இஸ்திரி, ரொம்பப் பணிவாக.

இப்படியே எட்டரை மாதம். கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. கடந்த முப்பது நாளில் எந்தப் பெயரில் எத்தனை செய்தி வந்தது என்று எண்ணுவது. ஒரு தடவையாவது வந்திருந்தால் அந்தப் பழைய பெயர் புதுப் பெயருக்குத் துணையாக இருக்கட்டும். ஒரு தடவைகூட வராத பெயரை எடுத்துவிடுவது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. முப்பது நாளாக எட்டிப் பார்க்காத விருந்தாளிக்கு எதற்கு இலை?

இருபத்தேழு பெயர்கள் பூஜ்யம் வாங்கின. அந்தத் தாள் அவள் மேஜைக்கு ஒரு வியாழக்கிழமை ஐந்து மணிக்கு வந்தது, அந்த வாரத்தின் நாலாவது கூட்டம் முடிந்த கையோடு. அன்றைக்கு மட்டும் பதினோரு பேர் பதினோரு பெயருக்காக அவள் உயிரை வாங்கியிருந்தார்கள். தலை கனத்தது. மேலிருந்து நாலு பெயரைப் படித்தாள். நாலும் எப்போதோ இரும்புக்குப் போட்ட லிஃப்ட்டுகளுடையவை. மீதியும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. தாளின் அடியில் சுருக்கொப்பம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, காபிகூடக் குடிக்காமல் படுத்துக்கொண்டாள்.

இருபத்து மூன்றாவது வரியில் இருந்த பெயர் பெல் டூ.

கேட்டால் ஏதோ வாசல் மணி போலிருக்கும். மாடி வந்ததும் கிணுங்குவதை முதல் முளையில் செருகி அதற்கு பெல் ஒன் என்றும், அபாய மணியை இரண்டாம் முளையில் செருகி அதற்கு பெல் டூ என்றும் வைத்துவிட்டுப் போயிருந்தார் அந்த ஆரம்பகால எஞ்சினியர். அந்தப் பழைய முப்பத்தெட்டு லிஃப்ட்டுகளிலும் அபாய மணியின் பெயர் இதுதான். அந்த முப்பது நாளில் அந்த முப்பத்தெட்டில் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. அதனால் யாரும் அழுத்தவில்லை. அதனால் அந்தப் பெயர் வரவில்லை. மெக்கானிக்குகள் மாதாமாதம் சோதனைச் சாவியைத் திருப்பிவிட்டு மணியை அமுக்கிப் பார்க்கும்போது பெட்டி அதைச் சோதனை மணி என்று வேறு பெயரில் அனுப்பும். அந்தப் பெயருக்குக் கணக்கில் குறைவில்லை, அது பத்திரமாகத் தப்பித்துவிட்டது. எந்தப் பெயர் எப்போதாவது ஒருமுறை மட்டும் வர வேண்டுமோ அதை, அடிக்கடி வரவில்லை என்று சீட்டுக் கிழித்து அனுப்பிவிட்டார்கள்.

தான் வசிக்கும் கட்டிடத்தின் லிஃப்ட் அந்த முப்பத்தெட்டில் ஒன்று என்பது அவளுக்குத் தெரியாது. போன வருஷம் உள்ளே புதுத் தகடும் புது விளக்கும் போட்டுப் பளபளப்பாக்கியிருந்தார்கள். பெட்டியை யாரும் மாற்றவில்லை.

மறுநாள் காலை ஆபீஸில் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்து, பதினாலாம் விதிப்படி ஓரம் தள்ளப்பட்ட செய்திகள் போய் விழும் கோப்பைத் திறந்தாள். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. குப்பைக்கூடை என்றே அதற்குப் பெயர்.

முந்தைய நாள் பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடத்திலிருந்து ஒரே கட்டிடத்திலிருந்து ஒரே பெயர். பெல் டூ. பெல் டூ. பெல் டூ. முதலில் சில நொடிக்கு ஒன்று. அப்புறம் நிமிடத்துக்கு ஒன்று. அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. நடுவில் இருபது நிமிடம் ஒன்றுமே இல்லை. பிறகு மறுபடியும் சடசடவென்று ஏழு. அவள் விரலை வைத்து எண்ணினாள். அறுபத்தொன்று. அறுபத்தொரு தடவை அவளுடைய அப்பா கூப்பிட்டிருக்கிறார். அறுபத்தொரு தடவையும், அவள் சொல்லிக்கொடுத்தபடியே, சண்டை போடாமல் சத்தம் போடாமல் ஓரமாகத் தள்ளியிருக்கிறது அவளுடைய மென்பொருள்.

அந்த நேரத்தில் அவள் எங்கே இருந்தாள் என்று நாட்குறிப்பைப் பார்த்தாள். இரண்டரை முதல் நாலரை வரை கூட்டம். பொருள்: இரண்டு பலகை கொண்ட கதவை ஒருமையில் சொல்வதா, பன்மையில் சொல்வதா.

பழைய பெயரைத் திரும்ப வைக்க அவளுக்கு நாலு நிமிடம் ஆனது. ஒன்பது மாதச் சண்டை, நாலு நிமிட வேலை. அதை முடித்துவிட்டு, மீதி இருபத்தாறு பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். மீதி இருபத்தாறும் உண்மையாகவே செத்த பெயர்கள். அதில் அவளுக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

பத்து மணிக்கு இஸ்திரி வந்தான். லிஃப்ட் கம்பெனி விளக்கம் கேட்டிருந்தது. பதினொரு மணிக்குள் அவன் விளக்கத்தைத் தயார் செய்து, மடிப்புக் கலையாமல் அவள் திரைக்கு அனுப்பியும்விட்டான். 'பழைய பெட்டியின் கோளாறும் பராமரிப்பில் ஏற்பட்ட குறைபாடும்' என்று இருந்தது.

அவள் எழுந்து அவன் அறைக்குப் போனாள்.

"பராமரிப்புன்னா மெக்கானிக்தானே?"

"அவர் பேரை நான் எழுதவே இல்லையே மேடம்."

"எழுத வேண்டாம். அந்தக் கட்டிடத்துக்கு ஒரே மெக்கானிக்தான். பெட்டி ஒழுங்கா அனுப்பியிருக்கு. அறுபத்தொரு தடவை. நான் பார்த்தேன்."

இஸ்திரி கதவைச் சாத்தினான். உட்காரச் சொன்னான். அவன் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது, பயந்தவன். "மேடம், முப்பது நாள்னு முடிவு பண்ணது ஒரு ஆள் இல்ல. எல்லாரும்தான் தலையாட்டினோம். இப்ப இதை நம்ம தலைல போட்டுக்கிட்டா, அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி நம்மளைக் கை கழுவிடும். நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தா போதும்."

சும்மா இருப்பது. ஒன்பது மாதமாக அவள் ஏங்கிய ஒரே விஷயம் அதுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் எதுவும் கேட்காமல், எதிலும் கையெழுத்துப் போடாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது. அது இந்த உருவத்தில் வந்து எதிரே உட்காரும் என்று அவள் நினைக்கவில்லை.

"தாள்ல அடியில இருக்கறது யார் சுருக்கொப்பம்?"

"உங்களோடது. அதைத்தான் சொல்றேன் மேடம். நான் உங்களுக்காகத்தான் சொல்றேன். நீங்க எழுதிக் கொடுத்தா அப்புறம் அந்தப் பட்டியலை உங்க கைல வெச்சிருக்க முடியுமா? வேற என்ன வேலை இருக்கு உங்களுக்கு இங்க?"

அது உண்மை. அந்தப் பட்டியலைத் தவிர அவளுக்கு அங்கே வேறு வேலை கிடையாது. இன்னும் சொல்லப்போனால், ஆறாம் மாடி வீட்டில் அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக்கொடுப்பதைத் தவிர உலகத்திலேயே அவளுக்கு வேறு வேலை கிடையாது. "யோசிச்சு சொல்றேன்" என்று எழுந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போனபோது அப்பா வலது கை ஆள்காட்டி விரலை வெந்நீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செகரெட்டரியின் புகார்க் கடிதத்தின் நகல் மேஜைமேல் இருந்தது. சாட்சியாகக் கையெழுத்துப் போட அவருக்குக் கொடுத்திருந்தார்கள். மூடி கழற்றிய பேனாவும் பக்கத்தில் இருந்தது.

"அப்பா, அதுல கையெழுத்துப் போடாதீங்க."

"ஏன்? அந்தப் பய உனக்குச் சொந்தமா?"

"தப்பு அவர் மேல இல்ல. என் மேல."

பெல் டூவில் ஆரம்பித்து இருபத்து மூன்றாவது வரி வரைக்கும் சொன்னாள். தபால் பிரித்தவருக்கு அது விளங்க நேரமாகவில்லை.

"ஆக, கூப்பிட்டது வந்துச்சு. உங்க ஆபீஸ் வரைக்கும் வந்துச்சு."

"வந்துச்சுப்பா. அறுபத்தொரு தடவை."

"அறுபத்தி நாலு."

"இல்லப்பா, நான் எண்ணினேன்."

"நான் எண்ணல. டெய்லரம்மாதான் எண்ணுச்சு. வாய்விட்டு எண்ணுச்சு. எனக்கு மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சு, 'பட்டனை விடாம அமுக்காதீங்க, நான் எண்ணுறேன், பத்து ஆனதும் கொஞ்சம் உக்காருங்க, அப்புறம் அடுத்த பத்து'ன்னு சொல்லுச்சு. நடுவுல நான் அழுதுட்டேன்னு வெச்சுக்க. அப்ப கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் அமுக்கல. பேண்ட் விஷயமெல்லாம் பேசினோம்." தண்ணீரிலிருந்து விரலை எடுத்தார். "அறுபத்தி நாலுன்னா அறுபத்தி நாலுதான். அளவெடுக்கறவங்க தப்பா எண்ண மாட்டாங்க."

பேண்ட்டைத் தப்பாக அளந்தார்களே என்று சொல்ல வாயெடுத்து, அவள் நிறுத்திக்கொண்டாள். அந்த மூன்று எங்கே போயிற்று என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அப்பா பரவாயில்லை என்று சொல்லவில்லை. பேனாவை மட்டும் மூடி, அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

மறுநாள் காலை, இஸ்திரி வருவதற்கு முன்னால், ஒரு பக்கக் கடிதம் லிஃப்ட் கம்பெனிக்குப் போய்விட்டது. அபாய மணியின் பெயர் எந்த நாளில், எந்தக் கணக்கின்படி, யாருடைய சுருக்கொப்பத்தால் எடுக்கப்பட்டது. பெட்டி எத்தனை தடவை சரியாக அனுப்பியது. மெக்கானிக்கின் சோதனை ஏன் இதைக் காட்டியிருக்க முடியாது. மடிப்பே இல்லாத நாலு பத்தி. நகல் குடியிருப்புச் செகரெட்டரிக்கு.

அன்று மாலை தரைத்தளத்தில் செகரெட்டரி அதை உரக்கப் படித்தார். புகார் எழுத முடியாமல் போன வருத்தம் குரலில் தெரிந்தது. டெய்லரம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார். மெக்கானிக் எண்ணெய்த் துணியை முறுக்கிக்கொண்டே கேட்டார். படித்து முடித்ததும் எல்லாரும் அகராதியைப் பார்த்தார்கள். கண்ணீர், கைகூப்பு, ஏதாவது ஒரு காட்சி வரும் என்று படிக்கட்டு வளைவுகள் காத்திருந்தன.

"ரெண்டு நாளா எங்க வீட்ல அடுப்பு எரியல மேடம்" என்றார் மெக்கானிக். குரலை உயர்த்தவே இல்லை. "என் பொண்டாட்டி நான்தான் வேலையில தூங்கிட்டேன்னு நினைச்சுட்டா. அதுக்கு உங்க புக்குல என்ன பேரு?"

அவர் ரிஜிஸ்டரை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அதற்கு முன்புவரை அந்த மெக்கானிக்குக்கும் அகராதிக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்த மூன்றாம் மாடி மாமிக்கு அன்றுதான் அவருக்கு மனைவி இருக்கிற சங்கதி தெரிந்தது. அவர் வேலை போகவில்லை. அடுத்த மாதமே வேறு பகுதிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பதிலாக வருபவன் மணியை அமுக்கிப் பார்க்கிறானோ இல்லையோ, கையெழுத்து அழகாகப் போடுகிறான்.

ஆபீஸில் இஸ்திரி சொன்னபடியே நடந்தது. பட்டியல் அவள் கையைவிட்டுப் போனது. இப்போது அதற்கு ஐந்து பேர் குழு. ஒரு பெயர் வைக்க மூன்று வாரம் ஆகிறதாம். அடிக்கோட்டுச் சண்டை இன்னும் முடியவில்லை. இஸ்திரி ஆறு மாதத்தில் ஒரு பெரிய கம்பெனியில், கடல் தாண்டி, வேலை கிடைத்துப் போய்விட்டான். போகும்போது அவளுக்கு ஒரு பேனா கொடுத்தான் என்றும், அவள் அதை வாங்கிக்கொண்டாள் என்றும் கேள்வி. பெல் டூ மட்டும் பட்டியலில் அப்படியே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

நாலாவது மாதம் ஒரு புதன்கிழமை ஆறாம் மாடித் தாத்தாவும் நாலாம் மாடி டெய்லரம்மாவும் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். வாயடைத்துப்போய்க் குடியிருப்பு அரை நாள் வதந்தி எதுவும் இல்லாமல் இருந்தது. சாட்சிக் கையெழுத்து செகரெட்டரி. மாப்பிள்ளை போட்டிருந்தது அந்த அரைச்சாண் குறைந்த பேண்ட்தான். வெட்டிய துணியை ஆறு வருஷம் பத்திரமாக வைத்திருந்து ஒட்டுப் போட்டிருந்தார் டெய்லரம்மா. பக்கத்தில் போய்ப் பார்த்தால் தையல் தெரிந்தது. பக்கத்தில் போகாதவர்கள் யார்?

அப்பா இரண்டு மாடி இறங்கி நாலாம் மாடிக்குக் குடிபோனார். மாத்திரையும் அவரோடு இறங்கிப் போனது. இரண்டு மாதம் ஆறாம் மாடியில் தனியாக இருந்து பார்த்துவிட்டு, அகராதி வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். எடைபோடும் இயந்திரங்கள் செய்கிற இடம். அங்கே அவள் யாருக்கும் பெயர் வைப்பதில்லை; வந்து குவிகிறவற்றில் எதையெல்லாம் ஓரம் தள்ளியிருக்கிறார்கள் என்று தினமும் காலையில் குப்பைக்கூடையைக் கிளறிப் பார்ப்பதுதான் வேலையாம். வீடு தரைத்தளத்தில் பிடித்திருக்கிறாள். கிளம்பிய அன்று பெட்டி படுக்கையெல்லாம் லிஃப்ட்டில் இறங்கின. அவள் மட்டும் நாலாம் மாடியில் நின்று விடைபெற்றுக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.